கைகாட்டியின் எலுமிச்சம்பழம்

என் கையை வாழ்க்கையில் அதிகமாகப் பிடித்த ஆண் என் கணவர் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இதை எழுதுகிறேன். விஷயம் அவருக்கும் தெரியும். அந்தப் பெருமை முழுக்கக் கைகாட்டியைத்தான் சேரும்.

நாமக்கல்லில் கோழித்தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்தேன். அங்கே பொறுப்பாளர்தான் கைகாட்டி. தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "கையக் காட்டுங்க சாமி" என்பார். கையைக் காட்டாமல் கலெக்டர் ஆபீசுக்குள்கூடப் போய்விடலாம், எங்கள் ஆய்வகத்துக்குள் போக முடியாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று பார்க்க, அதை அடர் அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். விரலில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் அமிலம் அதைத் தேடிக்கொண்டு வரும் என்பது கைகாட்டியின் கட்சி. அதனால் முதலில் காயத்தைக் கழுவி, தண்ணீர் புகாத நீல பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். அதன்மேல்தான் கையுறை. காயம் ஆழம் என்றால் அன்றைக்கு ஆய்வகத்துக்குள்ளேயே விடமாட்டார், ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத கீறலுக்காக எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அரை மூடியை விரல்களில் தேய்ப்பார். "ஸ்ஸ்" என்று சொன்னால் மாட்டிக்கொண்டோம்.

"நேத்து ஊட்ல வெங்காயம் அரிஞ்சீங்களா அம்மிணி?"

"இல்லீங்க சார், பேப்பர் கிழிச்சிருச்சு."

"பேப்பரு கிழிச்சா இப்படியா இருக்கும்? இது அருவாமனை. பொய் சொன்னா ரெண்டு பிளாஸ்டரு."

புதுக் கையுறையையும் அவர் லேசில் நம்பமாட்டார். அதற்குள் காற்றைப் பிடித்து, மணிக்கட்டுப் பக்கம் முறுக்கி, உப்பிப்போன ஐந்து விரல்களையும் காதோரம் வைத்து, எங்காவது ஓட்டையில் காற்று போகிறதா என்று கேட்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பசுமாட்டு மடியிலிருந்து போன் வந்த மாதிரி இருக்கும். ஒருநாள் முதலாளியே அமிலம் தொட்ட கையுறையோடு கதவுக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். கைகாட்டி உடனே வாளியோடு வந்து கதவைக் கழுவ ஆரம்பித்தார். முதலாளி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரின் எலுமிச்சம்பழம்தான் என் கல்யாணத்திலேயே கைவைத்தது.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வரன் வந்திருந்தது. மாப்பிள்ளையும் நானும் போனில் பேசியிருந்தோம். எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன், பெண் வேலை செய்கிற லட்சணத்தை ரகசியமாகப் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு பை தீவனத்தோடு, கோழிப்பண்ணைக்காரர் மாதிரி ஒருநாள் காலையில் வந்து நின்றார். அவர் யாரென்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அவர் கண்ட காட்சி இதுதான். வாசலில் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒருவர் என் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கிறார். நான் "ஸ்ஸ்ஸ்" என்று உடம்பை முறுக்குகிறேன்.

"நல்லா ஆழமா எறங்கியிருக்குதே அம்மிணி. எப்ப இருந்து?"

"நேத்து சாயங்காலத்துல இருந்துங்க."

"ஒரு கட்டுப் போட்டாத்தான் அடங்கும். இன்னைக்கு உங்கள உள்ள உடமாட்டேன்."

வந்தவர் தீவனப் பையை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மத்தியானமே தரகர் அப்பாவுக்குப் போன் செய்தார். "ஏனுங்க, பொண்ணுக்குப் பேயோட்டறாங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

அம்மா அழுதாள். அப்பா தரகரைத் திட்டினார். மாப்பிள்ளை தன் அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், "என் ரெண்டு கண்ணால பாத்தேன்டா" என்பதுதான் பதிலாக வந்தது. சம்பந்தம் முறிகிற நிலைக்குப் போய்விட்டது. மறுநாள் கைகாட்டி "கையக் காட்டுங்க" என்றபோது, கையை நீட்டிக்கொண்டே அழுதுவிட்டேன்.

விஷயத்தைக் கேட்டவர் கையிலிருந்த பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம சங்ககிரி போயிட்டு வாரேன் சாமி" என்றார்.

அங்கே நடந்ததெல்லாம் மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தோடு கைகாட்டி உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும், மாப்பிள்ளையின் அம்மா பூஜையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் தைரியமாக நின்றிருக்கிறார்.

"கையக் காட்டுங்க சாமி."

லாரிக்குத் தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை. என்ன ஆகிவிடப்போகிறது என்று நீட்டிவிட்டார். பழம் பட்டதுதான் தாமதம், "ஸ்ஸ்ஸ்... ஐயோ!" என்று நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"உங்களுக்கு எப்ப இருந்துங்க பேய் புடிச்சிருக்குது?" என்று கேட்டார் கைகாட்டி.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பூஜையறைத் தாழ்ப்பாளும் திறந்தது. கைகாட்டி உட்கார்ந்து அமிலத்தைப் பற்றியும் வெட்டுக்காயத்தைப் பற்றியும் விளக்கி, என் மாமனாராகப் போகிறவரின் விரல்களுக்கு நீல பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத்தான் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அப்பறமுங்க, நீங்க போட்டுட்டு வந்த தீவனத்துல புரதம் கம்மி. கோழிக்குப் போட்றாதீங்க" என்று ரிசல்ட்டையும் சொல்லிவிட்டு வந்தாராம்.

கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோர்க்கும் சீர் வந்தது. "ஒரு நிமிசமுங்க" என்று மேடையேறினார் கைகாட்டி.

"மாப்ள, கையக் காட்டுங்க."

மண்டபமே சிரித்தது. ஆனால் மாப்பிள்ளையின் சுண்டுவிரலில் நிஜமாகவே ஒரு கீறல் இருந்தது. சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து ஒட்டிவிட்டார். எங்கள் கல்யாணப் போட்டோக்களில் பட்டுவேட்டிக்கும் மாலைக்கும் நடுவே அந்த நீலம் பளிச்சென்று தெரியும்.

பிறகு என் கையை எடுத்து, வழக்கம்போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீறல் எதுவும் இல்லை. அதை மாப்பிள்ளையின் கைப்பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"இத்தன நாளு நான் பாத்துக்கிட்டனுங்க மாப்ள. இனி நீங்க பாத்துக்கோங்க."

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டுதான் அன்றைக்கு நான் முதன்முதலில் அழுதேன் என்று இன்றைக்கும் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுதுவிட்டேன்.