ஒரு குடுமியின் பணி ஓய்வு

இந்திய அரசாங்கத்தில், மேலதிகாரியின் அறைக்குள் நுழையும் முன் வாசலில் உப்புத் தூவிய ஒரே மனிதர் எங்கள் குடுமி சார்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

சட்டைப்பையில் ஒரு மூக்குப்பொடி டப்பா வைத்திருப்பார். உள்ளே பொடி இருக்காது, உப்பு இருக்கும். "பெரிய சாப் கூப்பிடறார்" என்று பியூன் வந்து சொன்னதும் எழுந்து போய், வாசற்படியில் ஒரு சிட்டிகை தூவுவார். வலது காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி, இடது காலால் ஒரு மிதி. பிறகுதான் உள்ளே போவார். போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் முகத்தில் துளி வாட்டம் இருக்காது.

"வளையத்துக்கு வெளியில தள்ளிட்டான், அவ்வளவுதான். நாளைக்கு மறுபடி இறங்கணும்" என்பார்.

ஆள் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் செக்‌ஷனில் மின்விசிறியை ஐந்தில் வைத்தால் அவர் மேஜையைப் பிடித்துக்கொள்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியொரு ஒல்லி. அந்த உடம்பில் செழிப்பாக இருந்தது குடுமி ஒன்றுதான். முன் நெற்றியை மழித்து, பின்னால் கருகருவென்று ஒரு கொத்து. அதைத் தினமும் எண்ணெய் தடவி, வாரி, முடிந்து விடுவது அவர் மனைவி. நாங்கள் எல்லாரும் மாமி என்போம்.

தொண்ணூறுகளில் தில்லியில் குடுமியோடு நடமாடுவது சாதாரணக் காரியமில்லை. தெருவில் பையன்கள் "ஏ சோட்டி!" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். சோட்டி என்றால் குடுமி. கூட்டமான பஸ்ஸில் ஒருவன் மேலே இருக்கும் கைப்பிடி என்று நினைத்து இவர் குடுமியைப் பிடித்துக்கொண்டே இரண்டு ஸ்டாப்பிங் வந்திருக்கிறான். சரி, பஸ் வேண்டாம் என்று ஸ்கூட்டர் வாங்கினார். குடுமிக்கு மேல் ஹெல்மெட் உட்காரவில்லை. மடக்கிய டிராஃபிக் போலீஸ்காரரிடம், "சர்தார்ஜிக்குத் தலைப்பா இருக்கு, விட்டுடறேள். எனக்குச் சோட்டி இருக்கு, விடப்படாதா?" என்று இந்தியில் முக்கால் மணி நேரம் வாதாடினார். போலீஸ்காரர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாராம். ஆனால் அபராதத்தை வாங்கிக்கொண்டுதான் கும்பிட்டார்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் சார் குடியிருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குக் கேபிள் டீவி வந்தது.

மறுநாள் காலை என் மேஜைக்கு ஓடி வந்தார். "சரோஜா! நேத்து டீவியில ஜப்பான்காரா குஸ்தி பாத்தேன். சுமோன்னு பேரு. ஒவ்வொருத்தனும் நூத்தம்பது கிலோ. ஒருத்தன் தும்மினா நம்ம செக்‌ஷனே பறந்துடும். அத்தனை பேர் தலையிலயும் என்ன தெரியுமோ?"

"என்ன சார்?"

"குடுமி!"

சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "எண்ணெய் தடவி, வழிச்சு வாரி, முடிஞ்ச குடுமிம்மா! ஜனங்கள்ளாம் எழுந்து நின்னு கை தட்டறா. ஒருத்தன்கூட 'ஏ சோட்டி'ன்னு கூப்பிடலை!"

அன்றிலிருந்து மனிதர் சுமோவே கதி என்று ஆனார். உப்புத் தூவுவதும் காலால் ஓங்கி மிதிப்பதும் அங்கே கற்றதுதான். அங்கே ஒரு மகா சாம்பியன் இருந்தான். அவன் பெயர் இவர் வாயில் நுழையவில்லை. அதனால் பீமன் என்று நாமகரணம் செய்துவிட்டார். பீமன் ஜெயித்தால் எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருவார். தோற்றால் அன்றைக்கு ஒரு ஃபைலும் நகராது.

ஒருநாள் செக்‌ஷன் நடுவில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். "பீமன் ரிடையர் ஆறான். ஞாயித்துக்கிழமை டீவியில விழா. எல்லாரும் என் ஆத்துக்கு வந்துடுங்கோ. அடுத்த மாசம் நானும் ரிடையர் ஆறேன், பாத்தேளா பொருத்தத்தை!" அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எனக்கு உங்க மாலையும் சுவர்க்கடிகாரமும் வேண்டாம். பீமனுக்கு என்னென்ன பண்றாளோ, அதெல்லாம் எனக்கும் பண்ணணும். ஒண்ணு குறையப்படாது!"

இதை இந்தியிலும் ஒருமுறை சொன்னார். எங்கள் குரானா, அமிர்தசரஸ்காரர், அலுவலகத்தின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பாளர், கையை நீட்டினார். "பக்கா?"

"பக்கா!" என்று கையில் அடித்துக் கொடுத்தார் சார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். சரியான வெயில். சார் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு டீவிக்கு முன்னால் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயம் புரியாத பாதிப் பேர் அவருக்குத்தான் பிரிவுபசாரம் என்று நினைத்து மாலையோடு வந்திருந்தார்கள். மாலைகளை வாங்கி டீவிக்குப் போட்டார்.

"கோவணம் கட்டிண்டு நிக்கறவனுக்கு ரிடையர்மென்டாம். அதுக்கு நான் கேசரி கிளறணுமாம். என் தலையெழுத்தைப் பாரு சரோஜா" என்று மாமி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.

விழா ஆரம்பித்தது. வளையத்தின் நடுவில் பீமன், கறுப்புப் பட்டு உடுத்தி, கம்பீரமாக ஒரு நாற்காலியில். "அரே! இன்னிக்குத் துணி போட்டிருக்கான்!" என்று குரானாவுக்கு ஆச்சரியம். ஒரு தட்டில் தங்கக் கத்தரிக்கோல் வந்தது.

"ரிப்பன் வெட்டப்போறா" என்றார் சார், பெருமையாக.

கோட்டு போட்ட ஒருவர் வந்து கத்தரிக்கோலை எடுத்தார். பீமனுக்குப் பின்னால் போனார். குடுமியில் ஒரு வெட்டு.

"என்ன பண்றான் அவன்?" என்று கேட்டார் சார்.

"குடுமியை வெட்டறாரு சார்" என்றேன்.

"சீ, சிலும்பின முடியை நறுக்கறான்."

அடுத்த ஆள் வந்தார், ஒரு வெட்டு. அவருக்குப் பின்னால் பெரிய வரிசையே நின்றது. டீவியில் பேசியவர் ஆங்கிலத்தில் விளக்கினார்: வேண்டியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டுவார்கள். கடைசி வெட்டு குருநாதருடையது. அதோடு குடுமி தலையை விட்டு வந்துவிடும்.

குரானா மெதுவாகத் திரும்பிச் சாரின் குடுமியைப் பார்த்தார். செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சாரின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. ஊர் முழுக்கக் கேலி செய்த குடுமிக்கு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் மரியாதை கிடைத்தது. அங்கேயும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்களே! மாமி கரண்டியோடு அடுக்களை வாசற்படியில் நின்றிருந்தார்.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் சார். குரல் உள்ளே போய்விட்டது. "அவ்வளவு பெரிய பீமனே அசையாம உக்காந்திருக்கான். நான் எம்மாத்திரம்?" கை மட்டும் பின்னால் போய்க் குடுமியைப் பிடித்துக்கொண்டது.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கேசரி தீர்ந்தது, போண்டா தீர்ந்தது. பீமன் அழுதான், சாரும் அழுதார். கடைசியில் வயதான குருநாதர் எழுந்து வந்தார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். குடுமியை இடது கையால் பிடித்தார்.

பட்டென்று டீவி அணைந்தது. மின்விசிறியும் நின்றது.

"போச்சு! கரண்ட் போயிடுத்து!" என்று துள்ளி எழுந்தார் சார். குரானா மின்சாரக்காரர்களின் ஏழு தலைமுறையையும் பஞ்சாபியில் இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். நான் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தேன். எதிர் வீட்டுக் கூலர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியா சமாசாரம் என்று உள் நடைக்குப் போனேன். மீட்டர் பெட்டிக்குக் கீழே ஸ்டூல் போட்டு மாமி நின்றிருந்தார். கையில் ப்யூஸ் கட்டை.

"உஷ்! இதைத் திருப்பிச் சொருக எனக்குத் தெரியாது" என்றார் மாமி. "விழா முடிஞ்சப்புறம் தெரிஞ்சுடும்."

நான் திரும்பி வந்தபோது சார் நிமிர்ந்து நின்றிருந்தார். ஃபைலில் ஓட்டை கண்டுபிடித்தால் வருமே, அந்தக் களை முகத்தில் வந்திருந்தது. "குரானா! கடைசி வெட்டை நீ பாத்தியா?"

"நஹீ."

"நானும் பாக்கலை. பாக்காததை எப்படி ஒத்துக்கறது? பாத்தவரைக்கும் எனக்கு நடக்கட்டும். ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக்கோங்கோ. கடைசி வெட்டு கிடையாது!"

நல்ல வாதம்தான். ஆனால் ஆபீஸில் எங்கள் மாடியில் இருந்த தலைகளை எண்ணினால், ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிய பிறகு கடைசி வெட்டுக்கு அங்கே எதுவும் மிஞ்சாது. அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த மாதக் கடைசி நாள். ஆபீஸ் ஹாலின் நடுவில் ஒரு நாற்காலி. சார் குடுமியை அவிழ்த்துவிட்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் மாமி, யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குரானா திறப்பு விழாக்களுக்கு வைத்திருக்கும் ரிப்பன் கத்தரிக்கோலைத் தட்டில் கொண்டுவந்து, முதல் ஆளாகத் தானே பின்னால் போனார். 'கிளிக்' என்று சத்தம் கேட்டது. மாமியின் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது.

என் முறை வந்தது. கத்தரிக்கோலை வாங்கிக் குனிந்து பார்த்தேன். தரையில் ஒரு முடிகூட இல்லை. குரானா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் காற்றை ஒரு வெட்டு வெட்டிவிட்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் பியூன், டைப்பிஸ்ட், ரிகார்டு அறைக்காரர் எல்லாரும் வந்தார்கள். கிளிக், கிளிக், கிளிக். அத்தனையும் காற்றில்தான். ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை.

கடைசியாகப் பெரிய சாப் வந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்று, சாரின் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, தரையில் ஒரு சிட்டிகை உப்புத் தூவினார். அப்புறம்தான் பின்னால் போய்க் காற்றை வெட்டினார்.

"ஆச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் சார்.

"ஆச்சு சார்."

மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோனார். தடவினார். மறுபடி தடவினார். கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். உதடு துடித்தது. "ஏன் குரானா, இந்தக் கத்தரிக்கோல்ல கூரே இல்லையா?"

"சர்க்கார் கத்தரிக்கோல், சாப்" என்றார் குரானா. "எதை வெட்டியிருக்கு இதுவரை?"

மாமி எழுந்து வந்தார். அத்தனை பேர் முன்னாலும் அந்தக் குடுமியைக் கையால் கோதி, வாரி, இறுக்கி முடிந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம். ஒருவர்கூட "ஏ சோட்டி" என்று கூப்பிடவில்லை.