இன்ஜினியரம்மாவின் லோடு பேங்க்

"இன்னொரு பேங்க் எதுக்கும்மா? நமக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு பேங்க்ல கணக்கு இருக்கே!" என்று கோப்பை மூடி மேசையின் மறுபக்கம் தள்ளினார் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி.

"அந்த பேங்க் இல்ல சார். லோடு பேங்க்." இதை அவள் சொல்வது நான்காவது தடவை. "ஜெனரேட்டரைச் சோதிக்கிற பெட்டி. உள்ள முழுக்க ஹீட்டர் கம்பி, கூடவே ஒரு பெரிய ஃபேன். ஜெனரேட்டர் தர்ற கரண்டை எல்லாம் இது வாங்கிக்கும்."

"வாங்கி?"

"சூடான காத்தா வெளியே தள்ளிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"டீசலை ஊத்திக் கரண்ட் எடுத்து, அதைக் காத்துல விடறதுக்கு ஒரு மெஷின். அதுக்கு நான் கையெழுத்துப் போடணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டடத்தில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் பொறுப்பு அவள்தான். 'இன்ஜினியரம்மா' என்றால் வாசல் காவலாளி முதல் நர்ஸ்கள் வரை எல்லோருக்கும் தெரியும். போன மாதம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு எழுந்தது. சரியாக நாலு நிமிடம் ஓடியது. இருமியது. படுத்துவிட்டது. இரண்டாம் மாடியில் ஒருவரின் வயிறு திறந்து கிடந்தது. பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் தைத்து முடித்த சர்ஜன், அன்றிலிருந்து அவளிடம் பேசுவதில்லை. முறைப்பதோடு சரி.

வாராவாரம் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, 'நன்றாக உள்ளது' என்று நோட்டில் எழுதிவந்த ஜெனரேட்டர் அது. சும்மா ஓடச் சொன்னால் எந்த இன்ஜினும் ஓடும். பளுவை ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும்.

"இருக்கிற ஏசி, லைட்டு எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டுப் பாருங்களேன்" என்றார் அதிகாரி, கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, வெளிநோயாளிகள் பிரிவு பூட்டியிருந்த நேரம். அறை அறையாக ஓடி விளக்கு, ஏசி, வெந்நீர் ஹீட்டர், கேன்டீன் அடுப்பு என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் முடுக்கினாள்.

ஆபரேட்டர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவர் பெயரே 'ஆயில் அண்ணன்'.

"முப்பது பர்சன்ட்கூட ஏறல தங்கச்சி. வேற ஏதாவது இருக்கா?"

"என் போன் சார்ஜர்தான் பாக்கிண்ணே!"

அதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். திங்கட்கிழமை காலையில் பெயர் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் ஒன்றுகூட உயிரோடு இல்லை. வரிசை தெருமுனை வரை போய்த் திரும்பியது.

"பெட்டியை நானே வாடகைக்கு எடுத்துத் தர்றேன், விடுங்க" என்றார் அதிகாரி பெருந்தன்மையாக. வந்து இறங்கியது ஃப்ரிட்ஜ் அளவில் ஒரு பெட்டி.

"சார், இது நூறு கிலோவாட். நம்ம ஜெனரேட்டர் ஐநூறு!"

"பெட்டி பெட்டிதானேம்மா!"

அந்தப் பளு ஜெனரேட்டருக்கு உறைக்கவே இல்லை. அரைகுறையாக எரிந்த டீசல் கரியும் எண்ணெயுமாகப் புகைக்குழாய் வழியே கிளம்பி, கீழே நின்ற சர்ஜனின் புது வெள்ளைக் காரில் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு சர்ஜன் அவளிடம் வாய் திறந்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். எந்த அளவு, எந்த வகை, காற்று எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று எல்லாவற்றையும் அட்டவணை போட்டு விளக்கினாள்.

கணவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "ஆறு பக்கமா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கே நீ ரெண்டு பக்கம் தாண்டினதில்ல."

"நீங்க எனக்கு சாங்ஷன் தர வேண்டிய ஆள் இல்லையேங்க!"

மூன்றாம் நாள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"முழுசும் படிச்சேம்மா."

அவள் கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் காத்து எவ்வளவு சூடா வரும்?"

"பக்கத்துல போனா பொசுக்கிடும் சார். பதினஞ்சு அடி தள்ளி நின்னா நல்ல வெயில் காத்து மாதிரி இருக்கும்."

குறித்துக்கொண்டார். "மேல் பக்கமா விடற மாடல், பக்கவாட்டுல விடற மாடல், ரெண்டும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"மேல விடறதுதான் நல்லது சார். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"பக்கவாட்டே இருக்கட்டும். அப்புறம், லிஃப்ட் மோட்டார் மாதிரி பளுவையும் சேர்த்துச் சோதிக்கிற வகை ஒண்ணு. அதுல சூடு கம்மியா?"

"ஆமா சார், அதுல பாதி ஹீட்டர் கம்பிக்குப் பதிலா மோட்டார்ல இருக்கிற மாதிரி காயில். அது அவ்வளவா சூடாகாது."

"அப்ப வேணாம். எடுக்கிற கரண்டெல்லாம் சூடா வரணும். அந்த வகையே வாங்குவோம்."

அவளுக்கு நம்பவே முடியவில்லை. இத்தனை நுணுக்கமாக ஒரு நிர்வாக அதிகாரி!

"வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை சோதிச்சா போதும் சார்."

"அதெல்லாம் பத்தாது. வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்க. மழை நாள்ல கட்டாயம் ஓட்டணும்."

மழையில்தானே கரண்ட் அடிக்கடி போகும்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன் சார்" என்று சொல்லியே விட்டாள்.

பெட்டி வந்தது. பளு ஏறிய நாலாவது நிமிடம் ரேடியேட்டர் குழாய் வெடித்து, ஆயில் அண்ணன் ஆவி மேகத்துக்குள் காணாமல் போய், "எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி! அன்னிக்குப் படுத்த காரணம் கிடைச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார். குழாயை மாற்றினார்கள். மறுபடி ஏற்றினார்கள். முழுப் பளுவில் இரண்டு மணி நேரம், ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. சர்ஜன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் கொட்டகைக்குள் நின்ற அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்போது நனைந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்த தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தாள். நிதானமாகத் தூணுக்குத் தூண் கயிறு கட்டினாள், பெட்டியின் எதிரே.

"அக்கா, அக்கா! என்ன பண்றீங்க? இது டெஸ்ட் நடக்கிற இடம்!"

"நான் சலவைப் பிரிவும்மா. துணி காயவைக்க மெஷின் வேணும்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன். 'பெருசாவே வாங்கிட்டேன், ஓட்டறதுக்கு ஒரு இன்ஜினியரம்மாவையும் போட்டிருக்கேன்'னு சார் சொன்னாரே, அது நீங்கதானா?"