பதினோரு குட்டிகளுக்குப் பதினோரு காரணம்

காரணப் புலி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயிர் விளையாவிட்டால், பஸ் தவறினால், பையன் பரீட்சையில் கோட்டைவிட்டால், அவரிடம் உடனே பத்துக் காரணம் கிடைக்கும். அந்தப் பத்தில் அவர் பெயர் மட்டும் இருக்காது.

எழுபத்தெட்டில் இந்த இனத்தின் பொறுக்கியெடுத்த உருப்படி ஒன்று காரைக்கால் பக்கம் விழிதியூரில் பன்றிப் பண்ணை நடத்தியது. பெயர் கஸ்தோன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் தேதி உண்டல்லவா, பண்ணையிலும் வைத்துவிட்டார். மாதாமாதம் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கிடாவைப் பெண் பன்றியிடம் விடவேண்டும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. பெண் பன்றிக்குப் பருவம் வருவதோ இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை, அதுவும் இரண்டு மூன்று நாள்தான். அது கரும்பலகை படிக்குமா?

படிக்கவில்லை. சீமாட்டி என்ற அந்த வெள்ளைப் பன்றிக்கு ஐந்து மாதமாகச் சினை பிடிக்கவில்லை. கஸ்தோன் அசரவில்லை. முதல் மாதம் தவிட்டில் சத்தில்லை என்றார். அடுத்த மாதம் கொட்டகையில் புழுக்கம் என்று வெப்பமானி வாங்கி மாட்டினார். பிறகு உடம்பில் கொழுப்பு அதிகம், பிறகு டூரிங் டாக்கீஸ் ஒலிபெருக்கி, கடைசியில் கிடா பக்கத்து ஊரான பூவத்தில் பிறந்ததால் அதற்கு விழிதியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக்கு மேல் புத்தகத்தில் உள்ள காரணங்கள்தான். பெரிய படிப்பாளி.

கடைசியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக் கொடிநாளுக்குப் பழைய பட்டாளத்துக்காரர்கள் விருந்துக்கு வருவார்கள். அதற்குள் குட்டி இல்லையென்றால் சீமாட்டியே குழம்பு.

பண்ணையைப் பார்த்துக்கொண்டவள் காசியம்மா. தாய் செத்த குட்டியாக இருந்த சீமாட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவளும் அவள்தான். மார்ச் பத்தொன்பதாம் தேதி காலையில் சீமாட்டியின் முதுகை அமுக்கிப் பார்த்தாள். அது காதைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. முதலாளியிடம் ஓடினாள்.

“முசியே, பருவத்துக்கு வந்துடுச்சுங்க. கிடாவ இன்னிக்கே விட்டுடலாங்க.”

கஸ்தோன் கரும்பலகையைப் பார்த்தார். “இன்னிக்குப் பத்தொம்போது. ஒண்ணாந்தேதி வரட்டும்.”

“அது வரைக்கும் நிக்காதுங்களே.”

“நிக்கணும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு.”

சொல்லிவிட்டு, தான் உயிரோடிருப்பதாகப் பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடக் காரைக்காலுக்குப் பஸ் ஏறினார். அதற்கும் அன்றுதான் தேதி.

பஸ் கிளம்பியதும் அவர் மனைவி அனெத் கிடாக் கொட்டகைச் சாவியோடு வந்தாள். “கதவ நான் தொறக்கல. நீ பாக்கல. தெரியுதா?”

“என்னங்கம்மா கதவு?” என்றாள் காசியம்மா.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, பத்து மணிக்கு, முறைப்படி கிடா வந்தது. சீமாட்டி அதை முட்டித் தள்ளியது. “வெட்கம்” என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் “வெற்றி” என்றும் எழுதிக்கொண்டார் கஸ்தோன்.

ஜூலை பதினொன்றாம் தேதி பதினோரு குட்டி. காசியம்மா ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். பன்றிக்குச் சினைக்காலம் நூற்றுப் பதினாலு நாள். கஸ்தோன் விரல் விட்டு எண்ணினார். ஏப்ரல் ஒன்றிலிருந்து எண்ணினால் பதின்மூன்று நாள் குறைந்தது. காசியம்மா துடைத்த குட்டிகளையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். அனெத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பாத்தியா,” என்றார் கஸ்தோன் கடைசியில். “ஒழுங்கா நடத்துனா பன்றிகூட முன்கூட்டியே வேலைய முடிச்சிடுது.”

விருந்தில் கோழிதான். பதினோரு குட்டிகளுக்கும் ஆளுக்கொரு காரணமாக அவர் விளக்கி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது. இந்த முறை எல்லாக் காரணத்திலும் அவர் பெயர் இருந்தது.

சிரிக்கிறீர்கள். உங்கள் மைத்துனரோ மேலதிகாரியோ ஞாபகத்துக்கு வந்திருப்பார். நல்லது. ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் திறமையால் கிடைத்தவை என்று நீங்கள் சொல்லிக்கொண்டு திரியும் வெற்றிகளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அந்தந்தத் தேதியில் நீங்கள் ஊரில் இருந்தீர்களா?