மைனஸ் அண்ணன் வைத்த காசு

மதுரை வெயிலில் நின்றுகொண்டு எந்நேரமும் குளிரைப் பற்றியே கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் மைனஸ் அண்ணனாகத்தான் இருப்பார். நாகமலை புதுக்கோட்டை பக்கம் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். ரத்த மாதிரிகளை உறைய வைக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்கள் அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போனது.

யாராவது கதவைத் திறந்தால் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவார். பத்து வந்ததும் சாத்திவிடுவார். உங்கள் கை உள்ளே இருந்தால் அது உங்கள் பாடு. இயக்குநர் ஒருமுறை மகள் பிறந்தநாள் ஐஸ்கிரீமை உள்ளே வைத்துவிட்டார். அண்ணன் அதை எடுத்து, "மாதிரி: வெனிலா. தந்தவர்: இயக்குநர். தரம்: நிராகரிப்பு" என்று லேபிள் ஒட்டி அவர் மேஜையில் வைத்தார். கோப்புகள் மேலெல்லாம் உருகி ஓடியது. இயக்குநர் அதை மறக்கவே இல்லை.

ஒவ்வொரு ஃப்ரீசரிலும் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்திருந்தார்.

"என்னண்ணே, காணிக்கையா?"

"கரண்டு போயி உள்ள உருகுச்சுன்னா காசு முங்கிரும் மாப்ள. நோட்டு பொய் சொல்லும், இது சொல்லாது."

வெப்பநிலை நோட்டு என் பொறுப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு நாலு நாள் லீவு. "தெனம் ஒருக்கா எட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஊருக்குப் போனார். நான் நாலு நாளைக்கும் சேர்த்து முதல் நாளே 'மைனஸ் எண்பது' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, அழகரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில் காசும் இறங்கிவிட்டது. லீவு முடிந்து அண்ணன் திறந்தபோது, ஒரு ஃப்ரீசரில் அது கிண்ணத்தின் அடியில் உறைந்து கிடந்தது. திருமங்கலம் சுற்றுப்பட்டுப் பெண்கள் வருடக்கணக்கில் கொடுத்த ரத்தம் அதில்தான் இருந்தது.

"உருகி மறுபடி உறைஞ்சிருக்குங்கய்யா. இத வச்சு எந்த முடிவும் சொல்லக் கூடாது."

"நோட்டுல சரியாத்தானே இருக்கு?" இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதுனதுதானே?"

ஆமாம் என்றேன். என்ன ஒரு நேர்மை பாருங்கள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "அம்புட்டுப் பேரும் காட்டு வேலைய விட்டுட்டு வந்து கைய நீட்டுனாங்க மாப்ள" என்றார். மறுவாரம் அவரை விடுதிச் சமையல்கூடத்தை மேற்பார்வையிட மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் வேலையை விட்டுப் போனார். அந்த ரத்தத்தை வைத்தே எழுதிய ஆய்வறிக்கை கைதட்டலோடு வெளிவந்தது. அவர் நாற்காலி எனக்குக் கிடைத்தது. வெட்கக்கேடு.

கிண்ணங்களையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் என் வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், காசு அடியில் கிடக்கிறபடியே.

தெனமும் எட்டிப் பாக்குறேண்ணே.