கிரகணத்தைப் பிடிக்கப் போன காமிரா

உலகத்தில் இன்னுங்கொஞ்சக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எடுத்த காரியத்தைக் கைவிட மாட்டார், முடிக்கவும் மாட்டார். கேட்டால், "இன்னுங் கொஞ்சம்" என்பார்.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஆறுமுகநயினார். தொலைநோக்கியில் பொருத்த ஒரு காமிரா செய்துகொண்டிருந்தார். பிஸ்கட் டின்னை வெட்டி, உள்ளே கறுப்புப் பூசி, அது பளபளக்கிறது என்று சுரண்டி, மறுபடி பூசி, மூடியில் வெளிச்சம் கசிகிறது என்று துணி ஒட்டி, துணி கனக்கிறது என்று பிய்த்து... நிலாவையாவது எடுத்தாரா? பௌர்ணமிகள்தான் வந்து போயின.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம் சூரிய கிரகணம் வந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த அருமைநாயகம், படம் பிடிக்கும் கண்ணாடித் தகடுகளை நயினாருக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை. "கிரகணப் படம் இங்கே வரும்" என்று எழுதி, கடை முகப்பில் வெறும் சட்டத்தையும் மாட்டிவிட்டார். ஊரே வந்து சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனது. இனிப் படம் வராவிட்டால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

அன்று காலை குற்றாலத்துச் சாரல்கூட வழிவிட்டு ஒதுங்கியது. சூரியன் பாதி கரைந்தது. காமிராத் துணிக்குள் நுழைந்த நயினாரின் தலை வெளியே வரவில்லை.

"அண்ணாச்சி, அமுக்குங்க! சூரியன் என்ன உங்களுக்காவ காத்துக்கிட்டா நிக்கும்?" என்று தவித்தார் அருமைநாயகம்.

"பொறும்வே. ஓரம் இன்னுங் கொஞ்சம் துலக்கமா வரட்டும்."

வீட்டுக்குள்ளிருந்து நயினாரின் மனைவி சங்கரம்மாள் கூப்பிட்டாள்: "ஏங்க, இங்கன வந்து பாருங்க!"

போன சாரலுக்கே மாற்றச் சொல்லி அவள் மன்றாடிய கூரை ஓட்டில் சின்னதாக ஓர் ஓட்டை. அதன் வழியே வந்த வெயில் எதிர்ச் சுவரில் தேங்காய்க் கீற்றுப் போலப் பிறைச் சூரியனாக விழுந்திருந்தது. அருமைநாயகம் துள்ளிக் குதித்துத் தம் காமிராவைத் தூக்கினார்.

நயினார் சுவரை மறித்துக்கொண்டார். "நில்லும்வே! சுவரு பழுப்பா இருக்கு. ஒரு கை சுண்ணாம்பு அடிச்சிருவோம்."

சுண்ணாம்பைத் தேடி, கரைத்து, கட்டி தட்டுகிறதென்று வடிகட்டி, அடித்து முடித்தபோது சுவர் நல்ல வெள்ளை. கிரகணம் விட்டிருந்தது.

மானத்துக்காக, சுவரில் விழுந்த முழுச் சூரியனையே படமெடுத்துச் சட்டத்தில் மாட்டினார் அருமைநாயகம். வெள்ளைச் சுவரில் வெள்ளை வட்டம். "இது என்ன அண்ணாச்சி, இட்லியா?" என்று கேட்காதவர் இல்லை. பாவம், மனுஷர் கொஞ்ச காலம் கடை முகப்புக்கே வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பரணில் ஒன்றைத் துணி சுற்றி வைத்திருக்கிறீர்களே, இன்னுங் கொஞ்சம் சரிசெய்துவிட்டு எடுக்கலாம் என்று? அதன் கிரகணம் போன வருஷமே விட்டுவிட்டது.