ரிஜெக்ட் அண்ணன் எழுதிய கேம் விமர்சனங்கள்

ரிஜெக்ட் அண்ணனைப் போல உண்மை பேசிய மனிதர் திருப்பூரில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து, "சட்டை நல்லாருக்கு, இடது தோள்ல தையல் கோணல்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்திக்குப் போகிறவர்.

பனியன் கம்பெனியில் அவர் செக்கிங். டேபிளில் வந்து விழும் டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்து, பிழை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜெக்ட்" என்று ஒதுக்கித் தள்ளுவார். பெயர் வந்த கதை அதுதான். அதே கம்பெனியில் நான் ஜூனியர் மெர்ச்சண்டைசர். "எல்லாம் பிரமாதமாகப் போகிறது" என்று, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புவது என் உத்தியோகம். நாங்கள் இருவரும் எப்படிச் சிநேகமானோம் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், தெருவுக்கு ஒரு கேம் சென்டர் முளைத்திருந்த காலம். கம்பெனிக்குப் பக்கத்துச் சந்திலும் ஒன்று, எட்டு கம்ப்யூட்டர்களோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அங்கே போய்விடுவார். ஆடி முடித்ததும் செக்கிங் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் விமர்சனம் எழுதிச் சுவரில் ஒட்டுவார்.

ஊரே பைத்தியமாகக் கிடந்த ஒரு துப்பாக்கி கேமுக்கு அவர் எழுதியது இது: "இருநூறு பேரைச் சுட்டேன். அவர்கள் என்ன கெடுதல் செய்தார்கள் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மரங்களுக்கு நிழல் இல்லை. ரிஜெக்ட்." சாட்சிக்கு, மானிட்டரில் அந்த மரத்துக்கு நேராக ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

சென்டர்காரர் பரமசாது. கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க, எல்லாரும் சூப்பருங்கறாங்க. நீங்க மட்டும் இப்படி எழுதினா, வர்ற பசங்க மனசு சங்கடப்படுதுங்க."

"அவங்க ஆடுதாங்க. நான் பாக்குதேன்" என்றார் அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

இன்னொரு கேம் இருந்தது. படகில் ஏறித் துடுப்புப் போட வேண்டும், அவ்வளவுதான். யாரும் இரண்டாம் முறை தொடவில்லை. அண்ணன் மட்டும் கடலுக்கு நடுவில் போய்த் துடுப்பை விட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். வெளியே லாரி ஹாரன், நிட்டிங் மெஷின் சத்தம். உள்ளே அவர் முகத்தில் மட்டும் நீல வெளிச்சம் அசைந்துகொண்டிருக்கும். காலையில் புறப்பட்ட படகு மதியச் சாப்பாடு வரைக்கும் கரை சேராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே தரை லேசாக ஆடுவது போலிருக்கும். விமர்சனம்: "ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. பாஸ்."

அந்தச் சமயத்தில் மாலை நேர கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து, நானே ஒரு கேம் செய்தேன். திருப்பூர்த் தெருக்களில் டிவிஎஸ் வண்டியில் துணி ரோலைக் கட்டிக்கொண்டு, ஷிப்மென்ட் போவதற்குள் பறக்க வேண்டும். எட்டு மாத உழைப்பு. நண்பர்கள் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு "செம மாப்ள" என்றார்கள். சென்டர்காரர் எட்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். நான் தரையில் நடக்கவில்லை.

அண்ணன் ஒரு ஞாயிறு முழுக்க ஆடினார். பிறகு சுவரில் தாள் ஏறியது: "ஊர் அப்படியே இருக்கிறது. ஆனால் எங்கேயும் நிற்க முடியவில்லை. நின்றால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இதைச் செய்தவர் ஊரைப் பார்க்கவில்லை. ரிஜெக்ட்."

"ஏனுங்ணா, எனக்குமா?" என்றேன்.

"ஒனக்குன்னு தனியா ஒரு பேனா வச்சிருக்கேனாடே?"

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. கேன்டீனில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நிறுத்தினேன். தினம் நான்கு தடவை கடக்கிற பாலம். அன்றுதான் முதன்முதலாக நின்றேன். எங்கிருந்தோ பஞ்சுத் துணுக்குகள் காற்றில் மிதந்து வந்து, விழ மனமில்லாததுபோல மேலேயே சுற்றின. வெயில் அவற்றுக்குள் புகுந்து வெளியே வந்தது.

வீட்டுக்குப் போய் கேமில் அந்தப் பாலத்தைக் கட்டினேன். அங்கே நிறுத்தினால் நேரம் ஓடாது. பஞ்சு மட்டும் பறக்கும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டியைப் பாலத்தில் நிறுத்தியவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"இங்க யாராச்சும் வருவாங்களாடே?"

"வரமாட்டாங்கண்ணா. இன்னும் ஆளுகளச் செய்யலீங்க."

"சரி" என்று மறுபடி பார்க்க ஆரம்பித்தார். அதற்கு அவர் விமர்சனமே எழுதவில்லை.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்புறம்தான் அந்தப் பாலத்துக்கு ஓர் ஆளைச் செய்தேன். ஒல்லியாக, சட்டைப் பையில் பேனாவோடு, ஆற்றைப் பார்த்து நிற்பார். அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்.