தீவிர சிகிச்சையில் மூன்று புல்

தொட்டிகளை வாசலில் இறக்கி வைத்ததுமே தலைமை நர்ஸ் குனிந்து உற்றுப் பார்த்தார். மூன்றிலும் நான்கு விரல் உயரத்துக்குப் பழுப்பேறிய கட்டைப்புல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சையாக ஒரு துளிர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். யார் பிழைப்பார், யார் மாட்டார் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பியதில்லை என்பதை வீட்டில் மனைவிக்குத் தினமும் ஞாபகப்படுத்துவார்.

ஆனால் வீட்டுக்கு முன்னால் அவர் வைத்த ரோஜா போனது. செம்பருத்தி போனது. கற்றாழைகூட அழுகிப் போனது.

"மூணு மாசம் டைம்," என்று மனைவி சொல்லிவிட்டாள். "அதுக்குள்ள ஒரு செடியாவது உருப்படியா வரணும். இல்லேன்னா சிமெண்ட் போட்டுடலாம். அண்ணன் காரை நிறுத்திக்கட்டும்."

மச்சானின் கார் தன் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே அவருக்கு ரத்தம் கொதித்தது. அதனால்தான் எதற்கும் சாகாத புல்லைத் தேடி நர்சரிக்குப் போய், படத்தில் வெள்ளைக் குஞ்சத்தோடு ஆடிய அழகுப்புல்லைக் காட்டினார்.

"நட்டுட்டு மறந்துடுங்க சார், அதுவா வரும்," என்றாள் நர்சரிக்காரி. "வருஷத்துக்கு ஒருவாட்டி ஒட்ட வெட்டணும். இப்பக்கூட..."

"டியூட்டிக்கு நேரமாச்சும்மா," என்று தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

இப்போது பழுப்புக் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது இருபது. முடிஞ்சுபோச்சு."

"என்னப்பா முடிஞ்சுபோச்சு?" என்றாள் மகள்.

"பெருசு மூணும். ஓரத்துல இருக்கற குட்டிங்களையாவது காப்பாத்தணும். தள்ளி நில்லு."

பெரியவை மூன்றையும் மண்ணோடு பிடுங்கி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் குப்பைத்தொட்டி ஓரமாக வீசினார். குட்டிகளை வரிசையாக நட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, ஒரு நம்பர், தலைமாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் பாட்டில்.

ஒரே வாரத்தில் மூன்றும் ஒரு சாண் ஏறின. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கைபட்டு ஒரு செடி வளர்கிறது. வார்டில் எல்லோருக்கும் போட்டோ காட்டினார்.

அடுத்த மாதம் முழங்கால் உயரம். விதைகள் முள்ளாக ஒட்டிக்கொண்டன. கொடியில் காய்ந்த துணி முழுக்க முள்.

"என்னங்க, இதை வெட்டித் தொலைங்க," என்றாள் மனைவி.

வெட்டினார். வெட்டியபோது விதை முற்றமெல்லாம் சிதறி, பத்து நாளில் மூன்று முப்பதானது. நெரிசல் ஆகாது என்று பாதியைக் கொல்லைப்புறத்துக்கு வார்டு மாற்றினார். இப்போது அங்கேயும் முள். மகளின் சைக்கிள் நடுவில் மாட்டிக்கொண்டது. அவரோ பூரித்துப்போய்ப் பாட்டில்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்.

கெடு முடிந்த அன்று மச்சான் கொத்தனாரோடு வந்தார். கேட்டிலிருந்து வாசற்படி வருவதற்குள் பேண்ட் முழுக்க முள்.

"மாப்பிள்ளை, இதுவா அழகுப்புல்லு? அதோ எதிர்ல பாருங்க, குப்பைத்தொட்டிகிட்ட. வெள்ளை வெளேர்னு எப்படி ஆடுது. அது புல்லு."

நர்ஸ் வாசலில் நின்றே ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்காது மச்சான். நம்ம புல்லுக்கும் குஞ்சம் வரும். உங்க தங்கச்சி சொன்ன மாதிரி வளர்ந்திருக்கா இல்லையா?"

மனைவி யோசித்தாள். "நீங்க வாங்கிட்டு வந்த புல்லு இதுதான்னு நர்சரிக்காரம்மா வந்து சொல்லட்டும். அப்புறம் நான் சிமெண்ட் பேச்சையே எடுக்கமாட்டேன்."

நர்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே போன் போட்டார். கொத்தனார் அளக்கும் டேப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய நர்சரிக்காரி கேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் குப்பைத்தொட்டியிடம் போய் வெள்ளைக் குஞ்சங்களை ஆசையாகத் தடவிக் கொடுத்தாள். பிறகு கேட்டுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நான் குடுத்த மூணும் ஜோரா வந்திருக்கு சார், சொன்ன மாதிரியே மறந்துட்டீங்க, உள்ள இருக்கற களையைத்தான் கொஞ்சமும் கவனிக்காம விட்டுட்டீங்க."